பெட்டை பிரான்சில் இருந்தபோது

பந்தயத்துக்குப் போன புறா திரும்பி வரும்வரை கூண்டில் எதையும் மாற்றக் கூடாது. வண்ணம் பூசக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, பக்கத்துக் கொடியில் பழக்கமில்லாத நிறத்தில் போர்வை காயக் கூடாது. புறா உயரத்திலிருந்து பார்க்கும்; பார்த்துப் பழகிய இடமாக இல்லாவிட்டால் இறங்காது. எங்கள் தெருவில் புறா வளர்க்காதவர்களுக்கும் இது தெரியும். கிளைவ் கார்பட்டுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. இருந்தும், சாம்பல் பெட்டைப் புறா பிரான்சில் இருந்தபோதுதான் அவர் கூண்டின் நெற்றியில் அந்தப் பலகையை அடித்தார். சிவப்புப் பலகை. வெளியேற வாக்களியுங்கள் என்று வெள்ளை எழுத்தில்.

ஏன் அடித்தார் என்பதை என்னால் முடிந்தவரை வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன். பின்சந்துக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. அந்தப் பக்கம் அவர்கள் வீடு. அவர் மனைவி பிரெண்டாவும் நானும் செவ்வாய்க்கிழமைகளில் ஒரே மாலை வகுப்புக்குப் போகிறவர்கள். பார்த்ததும் உண்டு, பிரெண்டா சொல்லிக் கேட்டதும் உண்டு. இரண்டும் எங்கே கலந்துவிட்டன என்று இப்போது எனக்கே நிச்சயமில்லை.

முந்தைய இலையுதிர் காலத்தில் ஊரின் எஃகு ஆலையை மூடினார்கள். கடற்கரையிலிருந்து பார்த்தால் இரவெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்த வானம் ஒரு வாரத்தில் மற்ற ஊர்களின் வானம் போல ஆகிவிட்டது. கிளைவ் கரி உலையில் வேலை பார்த்தவர். கரி உலையை ஆறவிட்டால் உள்ளே செங்கல்லெல்லாம் விரிசல் விட்டுப்போகும், பிறகு மூட்டவே முடியாது. அதை அவர் கடைக்காரரிடம் சொன்னார், பஸ்ஸில் சொன்னார், ரொட்டிக்கடையில் வரிசையில் நின்றுகொண்டு கல்லாவில் இருந்த என்னிடமும் சொன்னார். பிறகு ஒருநாள் சொல்வதை நிறுத்திவிட்டார்.

"ஆலை மூடினப்புறம் அந்த மனுஷன் வாயைத் திறந்து பேசுற ஒரே ஆளு யோஹிம்தான் கண்ணு," என்று பிரெண்டா ஒருமுறை வகுப்பிலிருந்து திரும்பும்போது சொன்னாள். "எங்கிட்ட உப்பு எடுன்னு சொல்லுவார். அவன்கிட்டதான் பேசுவார்."

யோஹிம் அடுத்த வீட்டுக்காரர். போலந்துக்காரர், சுரங்கமும் உலையும் உள்ள பகுதி. அங்கேயும் வீட்டுக்கு வீடு புறாதான். இங்கே கோழி வெட்டிக் கட்டும் தொழிற்சாலையில் வேலை. குடிவந்த முதல் வாரமே சுவருக்கு மேல் தலையை நீட்டி, கிளைவின் புறாக்களைப் பார்த்து, அந்தக் கறுப்பு ஆணுக்குத் தொண்டையில் நோய் என்று சைகையில் காட்டினாராம். கிளைவுக்குக் கோபம் வந்தது. மறுநாள் பார்த்தால் நோய் இருந்தது. அந்த வருஷமே இருவருமாகச் சுவரின் நடுவே செங்கற்களை எடுத்து ஒரு ஆள் புகும் அளவுக்கு வழி செய்தார்கள். காலையில் கிளைவ், மாலையில் யோஹிம் என்று கூண்டு வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். யோஹிமின் குடும்பப் பெயரைச் சரியாக எழுத புறாப் பந்தய கிளப்பில் யாருக்கும் வரவில்லை. பந்தயத் தாளில் 'கார்பட்டும் கூட்டாளியும்' என்று போட்டுவிட்டார்கள்.

சாம்பல் பெட்டை யோஹிம் கையில் வளர்ந்தது. குஞ்சாக இருந்தபோது காலில் அடிபட்டுக் கிடந்ததை அவர் தன் சமையலறையில் ஷூ பெட்டியில் வைத்துத் தீனி ஊட்டினார். மற்ற புறாக்கள் தீனி டப்பாவை ஆட்டினால் இறங்கிவிடும். இது மட்டும் யோஹிமின் சீழ்க்கைக்குத்தான் இறங்கும். தாழ ஆரம்பித்து மேலே ஏறி, முடியாமலே நின்றுவிடும் ஒரு சீழ்க்கை. சந்தில் எல்லாருக்கும் தெரிந்த சத்தம்.

ஜூன் மாதம், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா வெளியேறுவதா என்ற வாக்கெடுப்பு வாரம். வியாழக்கிழமை வாக்கெடுப்பு, சனிக்கிழமை பந்தயம். புதன் மாலை கிளப்பில் பெட்டையின் காலில் ரப்பர் வளையம் மாட்டி, கூடையில் ஏற்றி லாரியில் அனுப்பினார்கள். முட்டை மேல் உட்கார்ந்திருந்த பெட்டை. அந்த நினைப்பில் வேகமாக வரும் என்று கணக்கு. அந்த வாரம் யோஹிமுக்கு இரவு வேலை. பகலெல்லாம் திரை போட்டுத் தூங்கினார். கூண்டு வேலை இரண்டு நேரமும் கிளைவிடமே இருந்தது.

வியாழக்கிழமை காலை பலகை வந்தது. பிரச்சாரத்துக்கு வந்த ஒரு ஆள் வீட்டு வாசலில் நட்டு வைக்கக் கொடுத்தான். கிளைவ் அதைப் பின்கட்டுக்கு எடுத்துப்போய் ஏணி போட்டு ஏறினார். ஓட்டுப்போட பிரெண்டாவைக் கூட்டிப்போக நான் அங்கே போனபோது ஆணி அடித்து முடித்திருந்தார். பிரெண்டா முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏய்யா, அதை வாசல்ல வெக்கிறதுக்கென்ன?"

"வாசல்ல வெச்சா எவன் பாப்பான்? கூண்டுல வெச்சா ரயில்ல போறவன் பாப்பான். லண்டன்ல இருந்து வர்றவன் பாக்கட்டும்."

"லண்டன் வண்டி நம்ம ஊருக்கு எப்ப விட்டான்? மிடில்ஸ்பரோவுக்குப் போயிட்டு வர்ற ரெண்டு பெட்டி. அதுக்குள்ள உக்காந்திருக்கிறதெல்லாம் உன்னை மாதிரி வேலை போன ஆளுங்க."

"அவனுங்களும் பாக்கட்டும். பேனா எங்க?"

"ஓட்டுச்சாவடியில பென்சில் கட்டித் தொங்க விட்டிருப்பான்."

"பென்சில்ல போட்டா அழிச்சிருவானுங்க."

"ஆமா, உன் ஓட்டை அழிக்கன்னே ஒருத்தன் ரப்பரும் கையுமா உக்காந்திருக்கான்." பிரெண்டா முட்டையைத் தட்டில் தள்ளினாள். "சரி, பெட்டை வெளியில இருக்கே. கூண்டுல ஆணி அடிக்கலாமா?"

கிளைவ் ரொட்டியைக் கிழித்து மஞ்சள் கருவில் தோய்த்தார்.

"அது வர்றதுக்கு முன்னாடி எடுத்துடுவேன். இன்னைக்கு ஒரு நாள்தானே."

"யோஹிம் பாத்தா?"

"யோஹிமுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் பிரெண்டா? பிரதமர் ஐரோப்பாவோட இருக்கச் சொல்றார். அவருதானே உலையை ஆறவிட்டார்? ஆலைக்குப் பணம் குடுன்னு லண்டனைக் கேட்டா ஐரோப்பா விடாதுங்கிறான். ஐரோப்பாவைக் கேட்டா லண்டன்காரன் கேக்கவே இல்லைங்கிறான். எவன்கிட்டப் போயி நான் கேக்கறது? இத்தனை வருஷத்துல இன்னைக்கு ஒரு நாள்தான் என்னை ஒருத்தன் கேக்கறான். அவன் சொல்றது எதுவா இருந்தாலும் எனக்கு வேணாம்னு சொல்லப்போறேன்."

"ஜெயிச்சுட்டா?"

"எங்க ஜெயிக்கிறது? நாம என்னைக்கு ஜெயிச்சிருக்கோம்? ஒரு பயம் காட்டணும், அவ்வளவுதான்."

பள்ளிக்கூட ஹாலில் வரிசை இருந்தது. நான் பார்த்த எந்தத் தேர்தலிலும் அவ்வளவு கூட்டமில்லை. ஆலையில் வேலை பார்த்தவர்கள் பலரும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வந்திருந்தார்கள். கிளைவ் தடுப்புக்குப் பின்னால் அதிக நேரம் நின்றார். வெளியே வந்தபோது, மூடிய பேனாவைச் சட்டைப் பையில் செருகியபடி சிரித்தார். அந்த வருஷத்தில் அவர் சிரித்துப் பார்த்த நினைவு எனக்கு வேறு இல்லை. பிரெண்டா எதற்குப் போட்டாள் என்று அவர் கேட்கவில்லை; அவளும் சொல்லவில்லை.

வெள்ளி விடியும்போது முடிவு தெரிந்துவிட்டது. கடலிலிருந்து மூட்டம் ஏறி வந்து சந்தை மூடியிருந்தது. ரொட்டிக்கடைக்குக் கிளம்பிய நான் கதவைத் திறந்தபோது யோஹிம் வேலை முடிந்து வந்து சந்தில் நின்றுகொண்டிருந்தார். தோளில் பை. தலையை நிமிர்த்திப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளைவ் கையில் டீக் குவளையோடு பின்வாசலுக்கு வந்தார். இரவெல்லாம் ரேடியோ முன் உட்கார்ந்திருந்த முகம்.

"வந்துட்டியா. டீ போடவா?"

"ஜெயிச்சிட்ட," என்றார் யோஹிம்.

"ஜெயிக்கும்னு எவன்டா நினைச்சான்."

"பெட்டை வெளிய இருக்கா. கூண்டுல ஆணி அடிச்சிருக்க."

"எடுத்துடறேன். இன்னைக்கே எடுத்துடறேன்."

யோஹிம் பையைக் கீழே வைத்தார். "வேலையில ஒரு பையன் கேட்டான், பெட்டி கட்டியாச்சான்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

"எவன் அவன்? பேரைச் சொல்லு. வந்து பல்லைக் கழட்டறேன்."

"பேர் தெரியாது. அவன் எனக்கு யாரும் இல்ல. அதனால சிரிப்பு வந்துச்சு." மறுபடி பலகையைப் பார்த்தார். "இங்க வந்தா சிரிப்பு வரல."

"டேய், அது உன்னைச் சொல்லலடா. உலையை ஆறவிட்டவனைச் சொல்லுது. உனக்குத் தெரியாதா? உங்கப்பாவும் கரி உலையில நின்னவர்தானே?"

"எனக்குத் தெரியும். அந்தப் பையனுக்குத் தெரியாது."

கிளைவ் குவளையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். யோஹிம் குரலை உயர்த்தவே இல்லை.

"நீ என்கிட்ட கேட்டிருக்கலாம்."

"என்னன்னு?"

"எனக்கு ஓட்டு இல்ல. உனக்கு இருக்கு. என்ன போடட்டும்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீ என்ன போட்டாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

பையை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாகத் தன் வீட்டுக்குப் போனார். சுவரில் இருந்த வழி அங்கேயே திறந்து கிடந்தது.

அன்றைக்கே கிளைவ் பலகையை எடுத்திருப்பார் என்றுதான் இப்போதும் நம்புகிறேன். மதியம் ஏணியைச் சாத்தினார், பார்த்தேன். அப்போது கிளப் செயலாளர் நார்மன் சந்து வழியாக வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர், கையில் பியர் டின்.

"யோவ் கிளைவ்! பலகைய இறக்காதய்யா! நாடே உன் பேச்சைக் கேட்டிருக்கு!"

"மழை வரும் போலிருக்கு. அதான்."

"நனையட்டும்! லண்டன்காரன் மூஞ்சி எப்படி நனைஞ்சிருக்கு பாத்தியா டிவியில?"

அவர்கள் எதிரில் அதை இறக்க அவரால் முடியவில்லை. முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். ஏணி மாலைவரை அங்கேயே சாய்ந்திருந்தது. பிறகு அதுவும் உள்ளே போய்விட்டது. நானாவது போய் எடுக்கச் சொல்லியிருக்கலாம். மாலைக்குள் எடுத்துவிடுவார் என்று இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை மூட்டம் விலகவில்லை. விடியலில் பிரான்சில் திறந்துவிட்டார்கள் என்று கிளப்பிலிருந்து செய்தி வந்தது. பந்தய நாளில் பின்கட்டில் எப்போதும் இரண்டு நாற்காலி போட்டிருக்கும். நடுவில் கவிழ்த்த பெட்டி மேல் பந்தயக் கடிகாரம், தனுதா, அதாவது யோஹிமின் மனைவி, சுட்ட கசகசா கேக் ஒரு தட்டு. அன்று நாற்காலி ஒன்றுதான். பெட்டி மேல் கடிகாரம் மட்டும். சந்தில் பிள்ளைகள் பந்து விளையாடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி கிளைவ் என்னை நிறுத்தியிருந்தார். பிரெண்டா கொண்டுவந்து வைத்த ஹாம் ரொட்டி அப்படியே காய்ந்துகொண்டிருந்தது.

"பலகை?" என்றாள் பிரெண்டா.

"இப்ப ஏணி போட்டா, அந்த நேரம் பாத்து வந்துட்டா என்ன பண்ணுவே? ஏணியில ஆள் நின்னா மிரண்டு எங்கயாவது போயிடும்."

"காலையில போட்டிருக்கலாம்ல?"

பிற்பகலில் வரவேண்டிய புறா. மாலையாயிற்று. ஊரில் யாருக்கும் ஒரு புறாவும் வரவில்லை என்று பேச்சு. கடல் பக்கம் மூட்டம் கொஞ்சம் கிழிந்து, ஓய்ந்துபோன ஆலையின் புகைபோக்கி தெரிந்தது. அதற்கு இடப்பக்கமாக ஒரு புள்ளி.

கிளைவ் எழுந்தார். தீனி டப்பாவை எடுத்தார். பெட்டை தாழ வந்தது. சிறகை வளைத்து, காலை நீட்டி, இறங்கும் பலகைக்கு நேராக வந்தது. சிவப்பைப் பார்த்தது. அந்தரத்திலேயே ஒரு உதறு உதறி மேலேறிவிட்டது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பிறகு யோஹிம் வீட்டுக் கூரை முகட்டில் போய் உட்கார்ந்தது.

"வா, வா, வா," என்றபடி கிளைவ் டப்பாவை ஆட்டினார். பெட்டை தலையைச் சாய்த்துப் பார்த்தது. வாய் திறந்து மூச்சு வாங்கியது தெரிந்தது. அதன் முட்டைமேல் அதன் ஆண் உட்கார்ந்து கூண்டுக்குள் உறுமிக்கொண்டிருந்தது. பெட்டை நகரவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. காலில் இருக்கும் வளையம் அதற்குள் விழும்வரை புறா வந்ததாகக் கணக்கில்லை.

"போய்க் கூப்பிடுய்யா," என்றாள் பிரெண்டா மெதுவாக.

"எப்படிக் கூப்பிடுவேன்?"

"வாயாலதான்."

யோஹிம் உள்ளேதான் இருந்தார். சமையலறைத் திரை ஓரமாக அசைந்ததை நாங்கள் மூவரும் பார்த்தோம். அவரும் காலையிலிருந்து வானத்தைத்தான் பார்த்திருப்பார். கிளைவ் சுவர் வழிவரை போனார். அதற்கு மேல் கால் வைக்கவில்லை.

"யோஹிம்," என்றார். குரல் எழும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "யோஹிம், பெட்டை வந்திருக்கா."

வேறு ஏதோ சொல்லப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவ்வளவுதான் சொன்னார்.

கதவு திறந்தது. யோஹிம் செருப்பில்லாமல், காலுறை மட்டும் போட்டுக்கொண்டு வந்தார். கிளைவைப் பார்க்கவில்லை. தன் முற்றத்தின் நடுவில் நின்று, முகத்தைத் தூக்கி, சீழ்க்கை அடித்தார். முதல் தடவை உதடு காய்ந்திருந்ததால் காற்றுதான் வந்தது. நக்கிக்கொண்டு மறுபடி அடித்தார். பெட்டை கல்லைப் போல விழுந்தது. அவர் தோளில் உட்கார்ந்து, அங்கிருந்து கைக்கு இறங்கியது. அவர் அதன் மார்பைத் தடவிப் பார்த்தார், சிறகை விரித்துப் பார்த்தார், ஏதோ தன் மொழியில் சொன்னார். பிறகு சுவர் வழியில் நின்று இரண்டு கையாலும் நீட்டினார்.

கிளைவ் வாங்கினார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவர் கை செய்தது; பழகிய கை. வளையத்தைக் கழற்றிக் கடிகாரத்தில் போட்டு நெம்புகோலை அடித்தார். 'டக்' என்று விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் முகமெல்லாம் மலர, "விழுந்துடுச்சுடா!" என்று கத்திக்கொண்டு திரும்பினார்.

சுவர் வழியில் யாருமில்லை. யோஹிம் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

அவ்வளவு மூட்டத்தில் அன்று ஊருக்கு வந்த முதல் புறா அதுதான். கோப்பை அவர்களுக்கு. கிளைவ் ஞாயிறு காலை பலகையைப் பிடுங்கி, உடைத்து, குப்பைத் தொட்டியில் போட்டார். ஆணி ஓட்டைகளை மரத்துக்குப் பூசும் பசையால் அடைத்தார். அடைத்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது.

யோஹிம் கூண்டு வேலையை விடவில்லை. தண்ணீர் மாற்றியிருக்கும், தரை சுரண்டியிருக்கும், மண் தூவியிருக்கும். ஆனால் கிளைவ் கடைக்கோ வேலை தேடும் அலுவலகத்துக்கோ போன நேரமாகப் பார்த்துதான் அது நடக்கும். ஒருமுறை கிளைவ் போவது போலப் போய்த் திரும்பி வந்தார். யோஹிம் வாளியோடு நின்றார்.

"ஆணுக்குக் கண்ணுல தண்ணி வடியுது. மருந்து போட்டிருக்கேன்," என்றார் யோஹிம்.

"நானும் பாத்தேன்."

"சரி."

"சரி."

அந்தக் கோடையில் அவர்கள் பேசியது நான் கேட்டவரை அவ்வளவுதான். செப்டம்பரில் யோஹிமும் தனுதாவும் ஜெர்மனிக்குக் கிளம்பினார்கள். அங்கே அவருடைய மச்சான் இருந்தார். வேன் வந்து நின்ற காலையில் கிளைவ் கூடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்குப் போனார். உள்ளே சாம்பல் பெட்டை.

"உன்னோடது. எடுத்துட்டுப் போ."

யோஹிம் கூடையின் கம்பி வழியாக ஒரு விரலை விட்டார். பெட்டை கொத்தியது.

"அங்க கொண்டுபோனா நான் இவளைத் திறக்கவே முடியாது கிளைவ். திறந்தா இங்கதான் வருவா."

"கூண்டுலயே வெச்சுக்கயேன். குஞ்சு பொரிக்கும்."

"பிரான்சுல இருந்து பறந்து வந்தவ. அவளையா கூண்டுல வெப்பேன்?"

கோப்பையையும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. உன் வீட்டு அலமாரியில் இருக்கட்டும் என்றார். பிரெண்டா தனுதாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆண்கள் இருவரும் கைகுலுக்கினார்கள். வேன் திரும்பி மறைந்த பிறகும் கிளைவ் கூடையைத் தரையில் வைக்கவில்லை.

இப்போது அக்டோபர். அந்த வீட்டுக்கு இன்னும் யாரும் குடிவரவில்லை. மாலையில் புறாக்களைப் பறக்கவிட்டு டப்பாவை ஆட்டினால் எல்லாம் இறங்கிவிடுகின்றன. சாம்பல் பெட்டை மட்டும் காலி வீட்டு முகட்டில் போய் உட்கார்கிறது. கிளைவ் அந்தச் சீழ்க்கையை அடித்துப் பார்க்கிறார். தாழ ஆரம்பிப்பது சரியாக வருகிறது. மேலே ஏறுமிடத்தில் பிசகுகிறது. நானும் எங்கள் பக்கத்திலிருந்து அடித்துப் பார்த்தேன், எனக்கும் வரவில்லை. நன்றாக இருட்டி, பசி தாளாமல் அது தானாக வரும்வரை அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

நேற்று பிரெண்டா பொறுக்கமாட்டாமல் போனை நீட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏய்யா, அவனையே அடிக்கச் சொல்லு. ஸ்பீக்கர்ல போட்டுக் காட்டு. வந்தாலும் வரும்."

"பைத்தியமா உனக்கு?"

"நான் போட்டாச்சு. மணி அடிக்குது. பிடி."

அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். நகர்ந்தால் சத்தம் கேட்குமே என்று அப்படியே நின்றேன்.

"ஹலோ?" என்றது போன். பின்னால் ஏதோ பாத்திரச் சத்தம். "ஹலோ, யாரு? பிரெண்டாவா?"

கிளைவ் போனைக் காதில் வைக்கவில்லை. மார்புக்கு நேராக இரு கையாலும் பிடித்திருந்தார்.

"யோஹிம்," என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "யோஹிம், பெட்டை உன் கூரைமேல இருக்கா."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. ஒரு கதவு சாத்தும் சத்தம்.

கிளைவ் மெல்லக் கையைத் தூக்கி, போனைக் கூரைப் பக்கமாகத் திருப்பிப் பிடித்தார். பெட்டை தலையைச் சாய்த்துக் கீழே பார்த்தது. போனிலிருந்து மூச்சுவிடும் சத்தம் மட்டும் வந்தது. உதட்டை நக்கிக்கொள்வது போலவும் இருந்தது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம். கிளைவ் கையை இறக்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்தும் போனை வைக்கவில்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.